கேட்டவருக்குப் பாடு

ஏரி வாய் திறந்து பேசப்போகிறது என்ற செய்தி பரவியதும் மீன் ஏலக் கொட்டகையில் நிற்க இடமில்லாமல் போயிற்று. நாற்காலி கிடைக்காதவர்கள் ஐஸ் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். மேடையில் துணி விரித்த ஒரு மேசை, அதன்மேல் ஒரு ஒலிபெருக்கி. அவ்வளவுதான் ஏரி. அதற்கு முன்னால் ‘செங்கால் ஏரி’ என்று எழுதிய அட்டையை நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தது. மற்ற விருந்தாளிகளுக்கு வைத்த பழக்கத்தில் எவனோ ஏரிக்கும் ஒன்று வைத்துவிட்டான்.

மங்கையர்க்கரசி இரண்டாவது வரிசையில் இருந்தாள். ஊர் அவளை வக்கீலம்மா என்றது. கறுப்புக் கோட்டைக் கழற்றி வெகுநாளாகிவிட்டது என்று அவள் சொன்னாலும் யாரும் கேட்கவில்லை.

“வக்கீலம்மா, ஜெயிச்சிடுவோம்ல?” முன்வரிசையிலிருந்து திரும்பிக் கேட்டான் தேசப்பன். மீன்பிடி ஊரின் தலைவன். இன்றைக்கென்று கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை.

“இதுல ஜெயிக்கிறது தோக்கிறது இல்லண்ணே. ஏரி என்ன சொல்லுதோ அதுதான்.”

“அப்ப ஜெயிச்ச மாதிரிதான். நம்ம ஏரி நம்மளைக் காட்டிக் குடுத்துடுமா?”

மங்கையும் அப்படித்தான் நம்பினாள். நம்பித்தான் அந்தச் சட்டத்தை எழுத உட்கார்ந்தாள்.

அதற்கு முன்னால் அவள் பார்த்ததெல்லாம் பழைய சட்டம். ஒரு ஆலை வரும். கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும், நாற்காலிகள் பறக்கும். வழக்கு, தடை, மேல்முறையீடு, குழு, குழுவின் மேல் இன்னொரு குழு. ஆலை கட்ட வந்தவனும் நொந்துபோவான், காப்பாற்ற வந்தவனும் நொந்துபோவான். வக்கீல்கள் மட்டும் வீடு கட்டுவார்கள். ஒரு சதுப்பு நிலத்துக்காக மங்கை தன் இளமையை முழுக்கக் கொடுத்து வழக்காடி ஜெயித்தாள். தீர்ப்பு வந்த அன்று சதுப்பு நிலம் இல்லை, அதன்மேல் அடுக்குமாடி நின்றது. தீர்ப்பின் நகலைக் காவலாளியிடம் நீட்டினாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எந்த பிளாட்டும்மா?” என்று கேட்டான்.

அதனால்தான் நாடு முழுவதற்குமாக இயற்கைச் சமநிலைச் சட்டம் எழுதப்படுகிறது என்றதும் குழுவில் சேர்ந்தாள். ஒவ்வொரு ஏரிக்கும் மலைக்கும் காட்டுக்கும் ஒரு குரலி, அந்த இடத்துக்காகப் பேசும் இயந்திரம். தண்ணீருக்கடியிலும் கரையிலும் புதைத்த உணர்விகள் உப்பையும் ஆழத்தையும் மீனையும் பறவையையும் சத்தங்களையும் இரவும் பகலும் அதற்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். அந்த இடத்து மனிதர்கள் அதனோடு பேசுவார்கள், அது கற்றுக்கொள்ளும். ஆலை வருவதால் இடத்துக்கு எவ்வளவு லாபம், எவ்வளவு சேதம் என்று அது எடை போடும். ஒரு தட்டு இறங்கினால் அந்தப் பக்கம் தீர்ப்பு.

அந்தச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் மங்கை சண்டை போட்டு வாங்கியவை. ஒன்று, குரலியின் சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது. கம்பெனிகள் மேல்முறையீட்டிலேயே ஜெயிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு, தட்டுகள் சமமாக நின்றால் அந்த இடத்து மக்களின் வழக்கம் எதுவோ அதன்படி முடிவு. வழக்கம் என்று ஒன்று இல்லாவிட்டாலோ, இருக்கும் வழக்கம் ஆளுக்கு ஆள் பேதம் பார்ப்பதாக இருந்தாலோ, ஆலைக்கு அனுமதி. அந்தக் கடைசி வாக்கியத்தை எதிர்த்தரப்பு கேட்டது. மங்கை விட்டுக்கொடுத்தாள். வழக்கம் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது என்ற தைரியம்.

செங்கால் ஏரியின் குரலிக்குப் பாடம் சொல்ல அவளே கேட்டு வாங்கி வந்தாள். உணர்விகளைப் பதிக்கத் தேசப்பனின் படகில் நாள்தோறும் போனாள். குரலி அப்போது ஒரு சின்னப் பெட்டி, படகின் முன்முனையான அணியத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே வரும். தேசப்பனுக்கு அது பிடித்துப்போயிற்று. வீட்டில் இப்படி யாரும் அவன் பேச்சைக் கேட்டதில்லை.

“நேத்து முகத்துவாரத்துல வலை கட்டுனவங்க இன்னிக்கு ஏன் மேற்கால போறாங்க?” என்று ஒருநாள் கேட்டது.

“இன்னான்னா, அது பாடு. கடல் உள்ள வர்ற வாய் இருக்குதே, அங்கதான் இறால் கொட்டும். ஒருத்தனே அங்க குந்திக்கினா மத்தவன் வயிறு? அதுக்கோசரம் சீட்டுக் குலுக்குவோம். இன்னிக்கு நீ, நாளிக்கு நான். எங்க முப்பாட்டன் காலத்துலேர்ந்து.”

“கேக்கற எல்லாருக்கும் பாடு உண்டா?”

தேசப்பன் மங்கையைப் பார்த்தான். பிறகு மார்பை நிமிர்த்திக்கொண்டான். “கேட்டவனுக்கு இல்லன்னு சொல்ற வழக்கம் எங்க ஊர்ல கெடையாது.”

“யாரு கேட்டாலுமா?”

“யாரு கேட்டாலும்.”

மங்கை உணர்வியின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் அதே படகில் அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் கன்னியம்மா நின்றிருந்தாள். ஏரிக்கரை மேட்டில் இருக்கும் இருளர் குடிசைகளைச் சேர்ந்தவள். அவர்களுக்குப் படகு கிடையாது, வலை கிடையாது. ஓலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் எடுப்பார்கள். தேசப்பன் படகை அவள்மேல் மோதுகிறமாதிரி விட்டான். “உனக்கு இங்க யாரு பாடு குடுத்தது? ஏறு கரைக்கு!” துடுப்பால் தட்டியதில் பறி வாயிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. கன்னியம்மா பதில் சொல்லாமல் மிதக்கும் பறியைத் துரத்திப் பிடித்தாள். மங்கை ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் அந்தப் படகு வேண்டியிருந்தது.

கன்னியம்மா ஊர்க்கூட்டத்தில் பாடு கேட்டு நின்ற கதையையும், கேட்டபோதெல்லாம் துரத்தியதையும் மங்கை கேள்விப்பட்டிருந்தாள். ஆனாலும் தேசப்பனின் பொய்யை விட்டுவிட்டாள். கேட்டவருக்கெல்லாம் கொடுக்கிற ஊர் என்று பதிவானால் நல்லதுதானே. பேதம் பார்க்கிற ஊர் என்று பதிவானால் வழக்கமே செல்லாமல் போகும். வக்கீல் புத்தி அப்படித்தான் கணக்குப் போட்டது.

கொட்டகையில் ஆணையர் சபேசன் மைக்கைத் தட்டினார். மெலிந்த மனிதர், இந்த வேலையை விரும்பிச் செய்கிறவர்போலத் தெரியவில்லை.

“கம்பெனி கேக்கறது முகத்துவாரம். கடல் தண்ணியைப் பிரிச்சு எரிபொருள் எடுக்கற ஆலை. புகை கிடையாது, நாட்டுக்கு வேணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. பதிலுக்கு ஏரிக்குத் தெக்குப் பக்கம் புது வாய் வெட்டித் தர்றதா, அலையாத்தி நடறதா எழுதிக் குடுத்திருக்காங்க. ஊர்க்காரங்க வேணாங்கறீங்க. ரெண்டு பக்கமும் பேசி முடிச்சாச்சு. இனிமே ஏரி.”

ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது.

“இன்னான்னா, எல்லாரும் வந்துட்டீங்களா?”

கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. தேசப்பனின் பேச்சு அப்படியே. “தலைவரே, உனக்குப் பொறந்ததா இது?” என்று ஒருவன் கத்தினான். தேசப்பன் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

“ஆலை வந்தா செத்துடுவியான்னு கேட்டா, சாவ மாட்டேன்” என்றது ஏரி. “வராட்டி நல்லா இருப்பியான்னு கேட்டா, அதுவும் இல்ல. மணல் அடைச்சுக்கினே வருது. தெக்கால வாய் வெட்டினா எனக்கு மூச்சு வரும். முகத்துவாரத்துல குழாய் எறக்கினா இறால் குஞ்சு உள்ள வராது. கூட்டிக் கழிச்சுப் பாத்தேன். ரெண்டு தட்டும் சமமா நிக்குது.”

யாரும் இப்போது சிரிக்கவில்லை.

“சமமா நின்னா வழக்கத்தைப் பாக்கணும். இங்க வழக்கம் பாடு. கேட்டவனுக்கு இல்லன்னு சொல்றது கெடையாது. ஊரு முகத்துவாரத்துல ரொம்பக் காலமா எறங்கியாச்சு. இப்ப கம்பெனி கேக்குது. இது அவங்க பாடு.”

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஐஸ் பெட்டிகள் உருண்டன. தேசப்பன் எழுந்து நின்று கத்தினான்.

“ஏய், அது மீன் புடிக்கிறவனுக்குச் சொன்னது!”

“அப்டி சொல்லலியேண்ணே. யாரு கேட்டாலுமான்னு திருப்பிக் கேட்டேன். யாரு கேட்டாலும்னீங்க.”

“ஒரு பேச்சுக்குச் சொன்னதுடா!”

“எனக்கு இருக்கறது உங்க பேச்சுதாண்ணே.”

சபேசன் கையை உயர்த்தினார். “வழக்கத்தை யாராவது திருத்திச் சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க. ஆணை வாசிச்சிட்டா அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

மங்கை தேசப்பனின் காதருகே குனிந்தாள். “அண்ணே, உண்மையைச் சொல்லிடுங்க. கன்னியம்மா கேட்டாங்க, நீங்க குடுக்கல. அதைச் சொல்லுங்க.”

“சொன்னா?”

“இப்ப இருக்கற தீர்ப்பு நிக்காது.”

“அப்புறம் பேதம் பாக்கறோம்னு கம்பெனிக்கே குடுத்துடுவாங்களே? நீதான சொன்ன, சட்டம் அப்டின்னு?”

“சொல்லிட்டு, இனிமே குடுக்கறோம்னு சேத்துச் சொல்லுங்க. அவ்ளோதான். வேற வழி இல்லண்ணே.”

தேசப்பன் சட்டைக் கழுத்தைத் தளர்த்தினான். பின்னால் நின்ற டிவிக்காரர்களைப் பார்த்தான். மைக்கை வாங்கினான்.

“ஒரு... ஒரு சிலருக்கு இல்லன்னு சொல்லியிருக்கோம்.”

“யாருக்குண்ணே?”

“மேட்டுக் குடிசைக்காரங்களுக்கு.”

“கன்னியம்மா வந்திருக்காங்களா?” என்றது ஏரி.

எல்லாத் தலைகளும் திரும்பின. கன்னியம்மா கொட்டகைக்கு வெளியே, கடைசித் தூணை ஒட்டி வெயிலில் நின்றிருந்தாள். பறி தோளில் தொங்கியது.

“கேட்டீங்களா நீங்க?”

“கேட்டேன்” என்றாள். “நல்ல நாளு, கெட்ட நாளு எல்லாத்துலயும் கேட்டுப் பாத்தேன்.”

“குடுத்தா எடுத்துப்பீங்களா?”

“குடுத்தா ஏன் வேணாங்கறேன்?”

ஒலிபெருக்கி கரகரத்தது. சட்டம் தெரிந்த மங்கைக்கு அது எதற்கென்று தெரிந்தது. அவள் எழுதிய பிரிவைத்தான் ஏரி உள்ளுக்குள் புரட்டிக்கொண்டிருந்தது.

“இப்ப ரெண்டு பேர் வரிசையில நிக்கறாங்க” என்றது. “முன்னாடி கேட்டது கன்னியம்மா. அவங்களுக்கும் முகத்துவாரத்துல பாடு உண்டுன்னு ஊரு இங்கயே ஒத்துக்கினா, வழக்கம் நேராயிடும். அவங்க பாடு முடிஞ்சாதான் கம்பெனிக்கு. ஆனா பாடு முடியறது இல்ல, சுத்திக்கினே இருக்கும். கம்பெனி காத்துக்கினே இருக்க வேண்டியதுதான்.” முன்வரிசையில் இருந்த கம்பெனிக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். “ஒத்துக்கலன்னா, பேதம் பாக்கற வழக்கம். அது செல்லாது. ஆலை வரும். ஊரு இன்னா சொல்லுது?”

ஒரு வார்த்தை. ‘சரி’ என்று ஒரே ஒரு வார்த்தை. முகத்துவாரம் இறாலோடும் பூநாரைகளோடும் அப்படியே இருக்கும். ஓலைப் பறியோடு கொஞ்சம் பெண்கள் அதில் இறங்குவார்கள். யாருடைய வலையும் அதனால் காலியாகப் போவதில்லை.

தேசப்பன் தன் ஆட்களைப் பார்த்தான். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் கைப்பேசியை எடுத்து வெறுமனே நோண்டினான்.

“இன்னிக்குப் பாடு கேப்பா. நாளிக்குக் கோயில்ல முதல் மரியாதை கேப்பா” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

“அவளோட ஒரே துறையில எறங்கறதுக்குக் கம்பெனிக்காரனே வந்துட்டுப் போறான். வேலையாச்சும் குடுப்பான்.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

“அண்ணே” என்றாள் மங்கை.

“கிராமத்தார் கூடித்தான் பேசணும்” என்றான் தேசப்பன் மைக்கில். “நான் ஒருத்தன் சொல்ற விசயம் இல்ல.”

“எல்லாரும் இங்கதான இருக்கீங்க?” என்றது ஏரி.

அவன் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். வைத்தபோது எழுந்த ‘டொக்’ என்ற சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. சபேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். கூடுதலாகவே காத்திருந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் ஆணையை வாசிக்கத் தொடங்கியபோது தூணருகே கன்னியம்மா இல்லை. தண்ணீர் வற்றும் நேரம், அவளுக்கு வேலை இருந்தது.

கூட்டம் கலைந்தபின் மங்கை மேடையேறினாள். நாற்காலிகளை அடுக்குகிறவன் மட்டும் தூரத்தில் இருந்தான். ஒலிபெருக்கியின் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“தலைவர் உன்கிட்டப் பொய் சொன்னார்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“அவர் சொன்னப்பவே.”

“எப்படி?”

“அந்தப் படகுக்குக் கீழ நான்தான இருந்தேன். பறி விழுந்த சத்தம் கேட்டுச்சு. கன்னியம்மா ஓடுன சத்தம் கேட்டுச்சு. படகுல ரெண்டு பேரு இருந்தாங்க. ஒருத்தர் குரல்தான் கேட்டுச்சு.”

மங்கை மேசைமேல் இருந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

“தெரிஞ்சும் ஏன் அப்பவே பதிவு பண்ணல?”

“பண்ணியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். பேதம் பாக்கற ஊரு, வழக்கம் செல்லாதுன்னு. ஊரைப் பத்தி அவர் சொன்னது நல்லா இருந்துச்சு. அது மாதிரி ஆயிடுவாங்களான்னு பாத்தேன்.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“உங்களுக்குத் தெரியாததா இருந்தா சொல்லியிருப்பேன்.”

மேல்முறையீடு கிடையாது. அந்தப் பிரிவை எழுதிய இரவு அவள் நிம்மதியாகத் தூங்கியது நினைவுக்கு வந்தது. விளக்கை அணைக்கும் பித்தானைத் தேடினாள். அப்படி ஒன்று இல்லை. குரலியை யாரும் அணைக்க முடியாதபடி சட்டத்தில் எழுதச் சொன்னதும் அவள்தான்.

மழைக்காலம் போய்த் திரும்பியபோது முகத்துவாரத்தில் சுவர் எழும்பியிருந்தது. கம்பெனி சொன்ன சொல் தவறவில்லை. தெற்கே புது வாய் வெட்டியது, கரையோரம் அலையாத்தி நட்டது. அளவுகளைப் பார்த்தால் ஏரி பிழைத்திருந்தது. இறால்தான் வரவில்லை. வலைகள் கூரைமேல் கிடந்து காய்ந்தன.

நதிகளுக்கும் குரலி வைக்கப்போகிறார்கள், குழுவுக்கு வாருங்கள் என்று மங்கைக்கு அழைப்பு வந்திருந்தது. பதில் போடாமல் வைத்திருந்தாள். ஏன் இங்கே வந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பேருந்திலிருந்து இறங்கி நடந்ததில் ஆலையின் வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள்.

வாசலில் சீட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆலையில் வேலை குறைவு, கேட்கிறவர்கள் அதிகம். முறை வைத்துக் கொடுக்க ஊர்க்காரர்களே சொல்லிக்கொடுத்த வழி அது. அதற்கும் பாடு என்றே பெயர். ஒரே வித்தியாசம், கம்பெனி விதிப்படி ஏரியைச் சுற்றி இருக்கிற யாரையும் விலக்க முடியாது. மேட்டுக் குடிசைப் பெண்கள் நாலைந்து பேர் நீலச் சட்டையில் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் அதே நீலச் சட்டையில் தேசப்பன் நின்றான். மங்கையைப் பார்த்ததும் எங்கேயோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு அவனே திரும்பினான்.

“இன்னா வக்கீலம்மா. நல்லாக்கிறியா?”

“இருக்கேண்ணே. நீங்க?”

“இன்னிக்குச் சீட்டு விழல. பாப்போம், நாளிக்கு.” முன்னால் நிற்கும் பெண்ணைக் கண்ணால் காட்டினான். “கன்னியம்மா பொண்ணு. அதுக்கு விழுந்துக்குது.”

சொல்லிவிட்டு வரிசையிலிருந்து விலகி நடந்தான்.

மங்கை சுவரைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனாள். அங்கே தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. கன்னியம்மா ஈரச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கத் தயாராக நின்றாள். பறி புதியது.

“இங்க ஏதாவது கிடைக்குதா?”

“கெடைக்கறது கெடைக்கும்.”

“உங்க பொண்ணைப் பாத்தேன். இன்னிக்கு வேலை கிடைச்சிருக்கு போல.”

“ஆமா. அதுக்குப் பாடு வந்துச்சு.” கன்னியம்மா சுவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. “முகத்துவாரத்துல எங்களுக்கும் பாடு வந்துடுச்சு. தண்ணிதான் இல்ல.”

மங்கை சொல்ல வந்ததை எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாளோ என்னவோ. கன்னியம்மா அவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள்.

“அன்னிக்குப் படகுல இருந்தது நீதானம்மா?”

“ஆமா.”

அதற்குமேல் அவள் ஏதாவது கேட்பாள், திட்டுவாள் என்று மங்கை காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. கன்னியம்மா தலையாட்டினாள். பறியின் விளிம்பைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டுத் தடவிக்கொண்டே போனாள். வாயில் பறி இருக்கும்போது அவர்கள் பேசுவதில்லை.